வாப்பாவின் ஏப்பம்

மூன்றாவது தடவையும் ஈசிஜி சரியாகத்தான் இருந்தது. "ஒண்ணுமில்ல பாய், பயத்த விடுங்க" என்றார் டாக்டர். நெஞ்சுவலி மட்டும் போகவில்லை. திரும்பும் வழியில் மேலப்பாளையம் கடையொன்றில் என் மனைவி சோடா வாங்கித் தந்தாள். கோலி இறங்கிய சத்தத்தில் வாப்பா ஞாபகம் வந்துவிட்டது.

வாப்பாவுக்கும் அடிக்கடி நெஞ்சைப் பிடிக்கும். தறியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். மடியில் முறம் போன்ற சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் உம்மாவின் கையும் நின்றுவிடும்.

"வாயுதான், சோடாவக் குடிங்க."

புகையிலை நெடிக்குள் நாங்கள் எல்லோரும் வாப்பாவின் வாயையே பார்த்திருப்போம். குடித்து முடித்து நீளமாக ஓர் ஏப்பம் விடுவார்.

"போயிட்டா?"

"வாயு போயிட்டு, ஏட்டி. பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும்."

உம்மா சிரித்துவிடுவாள். கை மறுபடியும் இலையைச் சுருட்டத் தொடங்கும். நாங்கள் தெருவுக்கு ஓடிவிடுவோம்.

சோடா தீர்ந்துவிட்டது. வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பயப்படக்கூட அலுப்பாக இருக்கிறது. மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி என் வாயையே பார்க்கிறாள்.

"போயிட்டா?"

காற்றை விழுங்கி, வலிய ஓர் ஏப்பம் விட்டேன்.

"போயிட்டு."

பையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. வாப்பாவின் ஏப்பங்களில் எத்தனை தானாக வந்ததோ, தெரியவில்லை.