பெரட்டில் வாசித்த பெயர்

ஐப்பசி மழையில் என் அம்மா இறந்துபோனார். நெஞ்சுவலி என்று பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் பெட்டியில்தான் கொண்டுவந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, கருமாதிக்கும் வரவில்லை. உள்ளே எல்லாம் விறைத்துப்போய்க் கிடந்தது.

அப்போது நான் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அதோடு தபால் மூலம் சிங்களமும் படித்தேன். புத்தகம் தபாலில் வரும், பயிற்சிகளை எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். சேர்த்துவிட்டது அம்மாதான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவார். "எங்க போனாலும் சிங்களம் தெரியாம வாய மூடிக்கிட்டு நிக்கிறது என்னோட போகட்டும் புள்ள" என்பார். அந்தப் படிப்பின் முடிவில் வரும் பரீட்சையை விட்டால் அம்மா ஆசைப்பட்ட ஒன்றையும் நான் செய்யவில்லை என்றாகிவிடும். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, பதுளையில். என்னைப் போலவே தபாலில் சிங்களம் படித்த பண்டாரவளைப் பிள்ளைகளுக்கெல்லாம் அனுமதி அட்டை வந்துவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் கிளாக்கர் ஐயா பெயரை வாசிப்பார், கை தூக்குகிறவர் வாங்கிக்கொள்வார். முன்பு என் கடிதங்களை அம்மா வாங்கிவருவார். இப்போது எங்கள் வீட்டிலிருந்து பெரட்டுக்குப் போக ஆளில்லை. அப்பா பண்டாரவளையில் கடை வேலைக்கு முதல் பஸ்ஸில் போய்விடுவார். ஆபீசில் நானே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எழும்பி நடக்கவே மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பூசைக்கு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். என்ன வேண்டுவது என்றும் தெரியவில்லை. "தாயே, நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றேன்.

அப்போது எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு லெட்சுமி பெரியம்மா வந்தார். எனக்கும் அதே பெயர்தான், முதலெழுத்தும் அதே எம். பிரிக்காத ஒரு கடித உறையைப் பூத்தட்டில் வைத்திருந்தார். பெரட்டில் பெயர் வாசித்தபோது கை தூக்கி வாங்கியதாம். வீடு கட்டக் காணி கேட்டு எழுதிப்போட்டு வருடக்கணக்காகக் காத்திருப்பவர் அவர். அம்மன் பாதத்தில் வைத்த பிறகுதான் பிரிப்பது என்று, அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துத் தினமும் கும்பிட்டிருக்கிறார்.

பூசாரி ஐயா பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தார். பெரியம்மா பிரித்தார். உள்ளே முழுக்கச் சிங்களம்.

"நீதான் படிக்கிற புள்ளயாச்சே தங்கம், வாசிச்சுச் சொல்லு" என்று என்னிடம் நீட்டினார்.

அது என்னுடைய அனுமதி அட்டை.

பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு ஆசையோடு நின்றார். எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். "பெரியம்மா, இது காணிக் கடிதம் இல்ல. என்னோட பரீட்சைக் கடிதம்."

அவர் குங்குமம் ஒட்டியிருந்த உறையை என் கையில் வைத்து அழுத்தினார்.

"அட, அதுக்கு ஏன் முழிக்கிற? ஒங்கம்மாவுக்குப் பதிலா நான் கை தூக்கியிருக்கேன்னு வச்சுக்க. போயி நல்லா எழுது."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் பார்க்க, அவர் தோளில் சாய்ந்து அழுது தீர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். தேறிவிட்டேன். சிங்களத்தில் நான் எழுதிய முதல் கடிதம் பெரியம்மாவின் காணிக்காகத்தான். பதில் இன்னும் வரவில்லை. லயத்துக்கு எந்தச் சிங்களக் கடிதம் வந்தாலும் இப்போது நான்தான் வாசித்துச் சொல்கிறேன். என் விறைப்பு முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மன் என்னைக் கைவிடவில்லை, அது சத்தியம். மனம் மரத்துப்போய், கேட்கக்கூட வாய் வராமல் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அவள் முன்னால் போய் நில்லுங்கள். அவள் பார்த்துக்கொள்வாள்.

பள்ளிக்கூட பஸ்ஸுக்கு முன்னால் இப்போது நானும் பெரட்டுக்குப் போகிறேன். கிளாக்கர் ஐயா "எம். லெட்சுமி" என்று வாசித்தால் நாங்கள் இரண்டு பேரும் கை தூக்குகிறோம். யாருடைய கடிதமானாலும் சேர்ந்துதான் பிரிக்கிறோம்.