சத்தியம் பண்ணாத மிஸ்

வகுப்புக்குள் வந்ததும், கரும்பலகையில் நான் பாதியில் விட்ட கணக்கைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுவிடுவார் மனசு மிஸ். “இதை யாரும் அழிக்கக் கூடாது. சார் மனசு கஷ்டப்படும்.” பிள்ளைகள் சிரிப்பார்கள். கணக்கு வாத்தியாரான எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாதம் ஒருமுறை மனநல வகுப்பு என்றால் பிடுங்குவதற்கு என் பீரியட்தானா கிடைத்தது?

மனசு மிஸ் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசுகிற வேலை. எங்களிடம் வரும்போதே தொண்டை கட்டியிருக்கும். வெந்நீர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, “மனசு எப்படி இருக்கு?” என்பார். “பசிக்குது மிஸ்!” என்று கடைசி பெஞ்சு கத்தும். “அது வயிறு. ஒரு மாடி மேல ஏறி வா” என்பார். அப்படியே பேச்சுக் கொடுத்து, கோபம் வந்தால் என்ன செய்வது, தூக்கம் வராவிட்டால் யாரிடம் சொல்வது என்று கொண்டுபோய்விடுவார்.

ஆசிரியர் அறைக்கு வந்தால் ஆள் வேறு. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். “வீட்டுக்குப் போனா வாயத் திறக்கவே பிடிக்கல சார். எங்க வீட்டுக்காரர் ஊமைப்படம் பாக்குற மாதிரி என்னையே பாக்குறாரு.”

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ரகசியம் காப்பதாகச் சத்தியம் மட்டும் செய்யமாட்டார். “பிள்ளைக்கு ஆபத்துன்னா நான் வெளிய சொல்லியாகணும். அப்புறம் எந்த வாயால சத்தியம் பண்றது?” போன மாதம் ரகசியம் சொல்ல வந்த மாணவி ஒருத்தி, இதைக் கேட்டுச் சொல்லாமலே திரும்பிப் போனாள். இந்த மாதம் மிஸ் வந்து பார்த்தால் அவள் பள்ளியை விட்டே நின்றுவிட்டிருந்தாள். மதியம் மிஸ் சாப்பாட்டைத் திறக்கவில்லை. “பண்ணித் தொலைச்சிருக்கலாமோ சார்?” என்றார். பாவமாக இருந்தது.

சாயங்காலம் அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வராந்தாவில் வழிமறித்தாள்.

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ். அப்பதான் சொல்வேன்.”

பண்ணிவிடுங்களேன் மிஸ் என்று பின்னால் நின்ற எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

“அது மட்டும் முடியாதுடா கண்ணு. சொல்ல வேண்டி வந்தா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். உனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தூணோரம் நின்றாள். போகவுமில்லை, வரவுமில்லை. வாசலில் மிஸ் போகவேண்டிய பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டது.

மிஸ் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். பையை இறக்கித் தரையில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். பிறகு, ஒன்றும் கேட்காமல், இன்னொருவர் உட்காரும் அளவுக்கு ஓரமாக நகர்ந்துகொண்டார்.