ஏழு மணி நேரக் கொடையில் ஒரு வரி

பிறர் பேசிய பதிவைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது என் தொழில். அடிப்பதைவிட, பேசிய இடம் எங்கே என்று தேடுவதில்தான் ஆயுசு போகிறது. நீள ஆடியோவில் ஒரு வரிக்காக மவுஸோடு மல்லுக்கட்டியவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி புரியாது.

மயிரிழை

மேலகரத்தில் என் கடை. போன ஆடியில் அச்சன்புதூர் பரமசிவம் பென்டிரைவோடு வந்தான். சித்திரையில் நடந்த ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவை, துபாயில் இருக்கும் மச்சினன் கேட்கட்டும் என்று செல்போனில் முழுசாகப் பதிந்திருந்தான். ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம். அதில் அவனுக்கு ஒரு வரி வேண்டும். நாலு வருஷமாகப் பேசாத அண்ணன் சண்முகம், அன்று கோயிலில் அவனைக் கூப்பிட்டு, "உன் மக கல்யாணத்த நானே முன்ன நின்னு நடத்துதேன்" என்றாராம். ஆவணியில் கல்யாணம். பத்திரிகையில் அண்ணன் பெயரை முதலில் போடலாமா என்று ஆள் விட்டுக் கேட்டால், "நான் எங்கன சொன்னேன்? சொன்னேன்னா கேக்க வை, பேரப் போட்டுக்கோ" என்கிறார். அதைக் கேட்க நாலு மணிக்கு அவரே என் கடைக்கு வருகிறார். ஐந்து மணிக்குள் அச்சகத்தில் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது மணி பதினொன்று. திரையின் அடியில் ஓடும் கோட்டைப் பிடித்து மவுஸை ஒரு மயிரிழை நகர்த்தினேன். நாதஸ்வரம். இன்னொரு மயிரிழை. எவனோ இருமினான். கை லேசாக நடுங்கினால் பத்து நிமிஷம் போய்விடும். எனக்குக் கை நடுங்கும் வயசு. பக்கத்தில் நின்ற பரமசிவம் மெதுவாகக் கேட்டான்: "அண்ணாச்சி, நீங்க தேடுதீயளா, தாண்டுதீயளா?"

காற்றடித்தது

கடையில் என்னோடு வேலை பார்க்கும் மும்தாஜ் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள். அம்புக்குறியைத் தட்டினால் பத்து நொடி போகும். இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்தினால் ஒரு நிமிஷம். மவுஸைத் தொடவே வேண்டாம். எனக்கும் தெரிந்ததுதான், மறந்திருந்தேன். நிமிஷம் நிமிஷமாகத் தட்டிக்கொண்டு போனோம். பாதியை நெருங்கியிருப்போம். வெளியே சாரல் காற்று. கரண்ட் போனது. திரும்ப வந்தபோது ஃபைல் சுழியத்தில் நின்றது. எந்த இடத்தில் விட்டோம் என்று யாருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மும்தாஜ் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நேரத்த ஒரு துண்டுத்தாள்ல எழுதி வைக்காதீங்கன்னு கம்ப்யூட்டரா சார் சொல்லுச்சு?"

மேளக் கணக்கு

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. "எத்தனை மணிக்குய்யா சொன்னாரு?" என்று பரமசிவத்தைக் கேட்டேன். கொடையில் எவன் கடிகாரம் பார்த்தான்? "சாமி ஆடி மலையேறினதுக்கு அப்புறம், படப்பு போடுததுக்கு முன்னால" என்றான். இதைக் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். சாமி வரும்போது மேளம் ஒரு மாதிரி, ஆடியவரை விட்டு மலையேறும்போது வேறு மாதிரி. இலை விரித்துச் சாமிக்குச் சோறு படைக்கும் படப்பு என்றால் மேளக்காரர்கள் காபி குடிக்கப் போயிருப்பார்கள். நேரத்தை அடித்தால் நேராக அங்கே போய் நிற்கும் வசதி ஒன்று உண்டு. மூன்று மணி நேரம் என்று அடித்தேன். மேளம் சோம்பலாக இருந்தது. நாலு என்று அடித்தேன். மேளம் கூரையைப் பிய்த்தது. சரியான பாதை. இன்னும் இருபது நிமிஷம் தள்ளலாம் என்று கையை வைத்தேன்.

கையைப் பிடித்துக்கொண்டான். திரும்பிப் பார்த்தால் பரமசிவம் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பொத்தானை அவிழ்த்துத் துண்டை இடுப்பில் கட்டியிருக்கிறான். பதினோரு நிமிஷம் அப்படியே கைகூப்பி நின்றான். அண்ணன் வரும் நேரமாகிறது என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "பொறுங்க அண்ணாச்சி, சாமி ஆடிக்கிட்டு இருக்கையில எப்படித் தாண்டுதது?"

பதில்

நாலு மணிக்குச் சண்முகம் குடையோடு வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் இடம் கிடைத்து, அந்த வரியோடு நிறுத்தியிருந்தோம். இந்தத் தடவை துண்டுத்தாளில் எழுதியிருந்தேன். ஓடவிட்டேன். அவர் குரலேதான். "ஏலே பரமசிவம், உன் மக கல்யாணத்த நானே முன்ன நின்னு நடத்துதேன்." பரமசிவம் துள்ளிவிட்டான். "கேட்டீயளாண்ணே!" என்று நிறுத்தப் போனான். "நிப்பாட்டாத. ஓடட்டும்" என்றார் அண்ணன். அடுத்து இன்னொரு குரல்: "அத அப்ப பாத்துக்கிடலாம். மொதல்ல எல வந்துச்சான்னு பாருங்க." அது பரமசிவம் குரல்.

மும்தாஜ் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள். "இன்னொருக்கா போடுங்க" என்றான் பரமசிவம். பத்து நொடி பின்னால் போய்ப் போட்டேன். அதே குரல், அதே இலை. "நானா இப்படிச் சொன்னேன்?" என்று என்னைக் கேட்டான். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். "படப்புக்கு எல வரலங்கற பதட்டத்துல சொல்லிட்டேண்ணே. நீங்கதான் முன்ன நிக்கணும்." சண்முகம் குடையை மேசை மேல் வைத்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். மணி நாலே கால். தம்பியிடம் கையை நீட்டினார்: "அச்சகத்துக்குப் போனப் போட்டுக் குடு, பேர நானே சொல்லிக்கிடுதேன், உன்ன விட்டா அதையும் அப்ப பாத்துக்கிடலாம்ப."

அடுத்தவன் சொன்னதைத் தேடிக்கொண்டு என் கடைக்கு வருகிறவன் கடைசியில் கேட்டுவிட்டுப் போவது தான் சொன்னதைத்தான், அதுவும் பெரும்பாலும் பத்து நொடி தள்ளித்தான் இருக்கிறது.