எங்கள் அம்மாவும் பொடி தூவாத கருவாடும்

அம்மா ஆண்டவரிடம் சென்று இன்றோடு ஓராண்டு நிறைகிறது. காலைத் திருப்பலியில் எங்களோடு நின்று செபித்துவிட்டு, இப்போது இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் மகளாகிய என் வணக்கம். முதல் பக்கத்தில் இருப்பதுதான் அம்மாவின் ஒரே படம். புகைப்படக் கடைக்கு வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொன்னபோதெல்லாம் மறுத்துவிட்டார். நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தார் கடற்கரையில் எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் தனியே பிரித்துப் போட்டிருக்கிறோம். சேலைத் தலைப்பை நெற்றிக்கு மேல் இழுத்து வெயிலை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

இதை எழுதச் சொன்ன தம்பி, "எல்லாரும் எழுதுத மாதிரி எழுதாத அக்கா. நடந்ததை எழுது" என்றான். அதனால் எனக்கு வெட்கம் தரும் ஒரு செய்தியையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உடன்குடிக்குக் கிழக்கே, செம்மணல் மேடான தேரி முடிந்து கடல் தொடங்கும் ஒரு சிற்றூரில் அம்மா பிறந்தார். ஐந்து பெண்களில் மூன்றாமவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பின் ஓலைப்பெட்டியில் கருவாட்டைச் சுமந்து உடன்குடிச் சந்தைக்கு நடப்பதும், கருப்பட்டியாக மாற்றிக்கொண்டு திரும்புவதும் அவர் வேலையாயிற்று. பதினெட்டு வயதில் தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா சங்கு குளிப்பவர். எனக்கு ஒன்பது வயதும் தம்பிக்கு நாலு வயதும் இருக்கும்போது, அப்பா ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அம்மா கடற்கரைக்குப் போய் மீன் வாங்கி உப்பிட்டுக் காயப்போட்டார். அந்த வேலைதான் எங்கள் இருவரையும் வளர்த்தது. என்னை வேதியியல் பட்டம்வரை படிக்கவும் வைத்தது.

அம்மாவின் கருவாட்டுக்கு ஊருக்குள்ளேயும் வெளியேயும் நல்ல பெயர். பழைய மீனைப் புதியது என்று அவர் சொன்னதே இல்லை. ஒவ்வொரு மீனையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்த பிறகுதான் உப்பில் போடுவார். வேலை எதுவானாலும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். அந்தக் குணமே பின்னால் ஒரு கெடுதலுக்கு வழிவிட்டது. பிறகு அதைத் தீர்த்ததும் அதே குணம்தான்.

புதுத் துறைமுகத்தின் கட்டுமானம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். நெல்வயலுக்குத் தூவும் பி.எச்.சி. என்ற வெள்ளைப்பொடி எங்கள் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. காயும் மீனில் ஈ மொய்த்துப் புழு வைக்காமலிருக்க அதைத் தூவினார்கள். கருவாட்டை மொத்தமாக எடுக்கும் வியாபாரி அண்ணாச்சியே பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "புழு விழுந்த சரக்க நான் தொடமாட்டேன். பொடியப் போட்டுட்டுப் பேசாம இரிங்க" என்பது அவர் பேச்சு. எல்லோரும் தூவினார்கள். அம்மாவும் தூவினார். அந்த மாதங்களில்தான் காயப்போடும் இடத்தில் மேய்ந்த எங்கள் கோழிகள் உடல் நடுங்கி, கழுத்து திருகி, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. ஏதோ கோழிநோய் என்று நினைத்துப் புதைத்தோம்.

அப்போது நான் நகரில் மீன் உணவுகளைப் பரிசோதிக்கும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். என் மேலதிகாரி தாமிரபரணிக் கரையின் நெல் விளையும் ஊர்க்காரர். மீன் சாப்பிடாதவர். ஆனால் நாள் முழுவதும் கருவாட்டை இடித்துப் பொடித்துக்கொண்டிருப்பார். உள்நாட்டு ஏழைகளின் சோற்றோடு சேரும் புரதம் பெரும்பாலும் கருவாடுதான் என்றும், அதில் எவ்வளவு சத்து இருக்கிறது, கூடவே என்ன நஞ்சு போகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்வார். அதற்காகப் பல கடற்கரைகளிலிருந்து கருவாடு எடுத்து எண் போட்டோம். ஊர் பெயரோ ஆள் பெயரோ எழுதுவதில்லை.

அம்மாவின் சாளைக் கருவாட்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றிலும் சுத்தமானது அம்மாவுடையதாகத்தான் இருக்கும் என்ற பெருமை எனக்கு.

சோதனை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவாட்டின் கொழுப்பைப் பிரித்தெடுத்து, வெள்ளை மாவு பூசிய கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு வைத்து, மருந்து தெளித்து ஒளியில் காட்டுவோம். பூச்சிமருந்து இருந்தால் அந்த இடம் கறுத்துப் புள்ளியாகத் தெரியும். பூச்சிமருந்து அதிகமாக இருந்தால் புள்ளியும் பெரிதாகும். அன்று தட்டில் இருந்தவற்றில் ஆகப் பெரிய புள்ளி அம்மாவுடைய எண்ணுக்கு நேரே இருந்தது. மற்றவர்கள் மேலோட்டமாகத் தூவியபோது, அம்மா செவுளைத் திறந்து உள்ளேயும் பொடியைத் தடவியிருக்கிறார். எதையும் முழுசாகச் செய்பவர் அல்லவா!

நான் அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதவில்லை. மாதிரி கெட்டுப்போயிற்று என்று அதிகாரியிடம் பொய் சொன்னேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் முடியவில்லை. மூன்றாம் நாள் மாலை அம்மா குசினியில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

அம்மா கையைப் புளித்தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. "எல்லாத்துலயும் பெருசா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்மா."

"நீ எழுதலியா?"

"எழுதல. ஒன் பேரு கெட்டுரும்னு..."

"ஏளா, எம் பேரு அந்தத் தட்டுலதான் கெட்டுப்போச்சே! நீ எழுதலேன்னா நல்லாயிருமா? நாளைக்கு நானும் வாரேன். எனக்கு அதைப் பாக்கணும்."

மறுநாள் காலை சலவைச் சேலை உடுத்து அம்மா என்னோடு வந்தார். அதிகாரியிடம் நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இந்த ஒரு எண்ணை விட்டுட்டா, நாம எழுதின மிச்ச எண்ணுக்கெல்லாம் என்னம்மா மதிப்பு?" என்றார். இன்றுவரை எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் அந்தக் கேள்வி எனக்குக் கேட்கிறது.

அம்மா தட்டை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்கத் தொடங்கினார்.

"கழுவுனா போவாதா ஐயா?"

"கொஞ்சம் போகும். மிச்சம் கொழுப்போட கலந்திருக்கும்மா. வேகவெச்சாலும் முழுசாப் போகாது."

"தின்னவங்களுக்கு என்ன செய்யும்?"

"ஒரு நாள் தின்னா ஒண்ணும் தெரியாது. நாளாவட்டத்துல உடம்புல சேருது. தாய்ப்பால்லகூட வருதுன்னு ஆராய்ச்சி செஞ்சவங்க சொல்லுதாங்க. எவ்வளவு சேர்ந்தா எவ்வளவு கெடுதல்னு எனக்கே முழுசாத் தெரியாது."

"எங்க கோழியெல்லாம் செத்துச்சே, அதும் இதனாலயா?"

"இருக்கலாம். செத்த கோழியைப் பாக்காம அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

வீடு திரும்பும் வழியில் அம்மா சொன்னார்: "அந்த ஐயா நல்லவரு. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுதாரு. மீனே தின்னாத மனுசன், தின்னுதவங்களுக்காக இம்புட்டுப் பாடுபடுதாரே!"

அந்த வாரம் அம்மா, தூத்துக்குடிக்கு மேற்கே பக்கத்திலுள்ள புதுக்கோட்டைச் சந்தைக்குச் சுமையில்லாமல் போனார். நானும் உடன் போனேன். வழக்கமாக அம்மாவிடம் வாங்கும் விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருவர் கைக்குழந்தையோடு வந்தார். பெயர் பேச்சியம்மாள்.

"என்ன மைனி, பெட்டி எங்க?" என்றார்.

"போன வாரம் வாங்குனதுல மிச்சம் இருக்கா? இருந்தா குழி தோண்டிப் பொதச்சிரு. பூச்சிப்பொடி போட்டது. தெரியாமப் போட்டுட்டேன்."

பேச்சியம்மாளின் முகம் மாறிவிட்டது. "வயலுக்குத் தூவுத பொடியா? அதத் தொட்டா கை கழுவாம நாங்க பிள்ளையத் தூக்க மாட்டோமே மைனி! நீங்களா இப்படிச் செஞ்சீக?"

அம்மா தலைகுனிந்து நின்றார். "நாந்தான் செஞ்சேன். இனி பொடியில்லாமக் காயவச்சாத்தான் ஒன்கிட்ட வருவேன்" என்றார். பேச்சியம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பேருந்தில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா இறந்த நாளில்கூட அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

கடற்கரையில் விஷயம் பரவியதும் சண்டை வந்தது. பக்கத்தில் காயப்போடும், நாங்கள் முறைக்குச் சித்தி என்று அழைக்கும் ரோசம்மாள் சித்தி எல்லோர் முன்னிலையிலும் அம்மாவைக் கேட்டார்: "ஒன் மவ படிச்சிட்டா, உத்தியோகம் பாக்குதா. பொடி போடாம புழு விழுந்தா எங்க பிள்ளையளுக்கு ஒன் மவளா சோறு போடுவா?"

அது நியாயமான கேள்வி. அதிகாரியும் அதையேதான் சொன்னார். பொடி கூடாது என்று ஒரு தாளில் எழுதி அனுப்புவது சுலபம். கருவாடு நின்றுபோனால் இந்தப் பெண்களுக்கும் பிழைப்பு போகும், உள்நாட்டுச் சோற்றிலிருந்து புரதமும் போகும் என்றார். பொடியில்லாமல் காயவைக்க வழி கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு எங்கள் வீட்டு முன்னிடத்தையே கொடுத்தார் அம்மா.

முதல் முயற்சி தோற்றது. மீனைச் சுத்தமான புது உப்பில் போட்டோம். மணலில் பரப்பாமல் பனமட்டையால் இடுப்புயரப் பரண் கட்டி மேலே காயவைத்தோம். மூன்றாம் நாள் புழு தெரிந்தது. ரோசம்மாள் சித்தி வந்து பார்த்து, "சொன்னேன்லா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஊரில் தலைகாட்டவே கூச்சமாக இருந்தது.

அம்மா அந்த மீன்களை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தார். புழு இருந்ததெல்லாம் செவுளுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும்தான். மறுநாள் காலை முழுவதும் வள்ளங்கள் கரை சேரும் இடத்தில் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். மத்தியானம் வந்து என்னிடம் சொன்னார்: "ஏளா, ஈ பரண்ல வரல. ஏலம் முடியுதவரைக்கும் மீனு அங்கன மணல்ல திறந்து கிடக்கு பாரு, அப்பவே முட்ட வச்சிருது. பெறவு நம்ம என்ன உப்பு போட்டு என்ன?"

நானும் அதிகாரியும் புத்தகங்களில் தேடிக்கொண்டிருந்ததை அம்மா அரை நாளில் கண்ணால் கண்டுபிடித்துவிட்டார். இரண்டாம் முறை, மீன் இறங்கியவுடனே ஈரச்சாக்கால் மூடினோம். செவுளை எடுத்து, வயிற்றைக் கீறிக் கழுவி, உள்ளேயும் உப்பைத் தேய்த்துத் தொட்டியில் அடுக்கிக் கல்லேற்றினோம். பிறகு பரணில் போட்டு மேலே பழைய வலையை மடித்து விரித்தோம். புழு இல்லை. சந்தேகம் தீரும்வரை மேலும் நாலு தடவை செய்தோம். ஒரு தடவை மழை கெடுத்தது; மற்ற மூன்றிலும் கருவாடு நன்றாகவே காய்ந்தது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது அந்தக் கருவாட்டில் புரதம் குறையவில்லை. கண்ணாடித் தட்டிலும் கறுப்புப் புள்ளி விழவில்லை. இந்த முறை எண்ணைப் பதிவேட்டில் எழுதும்போது அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

ரோசம்மாள் சித்தி ஒரு வாரம் எங்கள் பரணைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு ஒரு காலையில் வந்து, "அக்கா, அந்தக் கல்லு எம்புட்டுக் கனம் வைக்கணும்?" என்று கேட்டார். அம்மா பழையதை ஒரு சொல்கூடச் சொல்லிக் காட்டவில்லை. கூடவே போய்க் கல்லைத் தூக்கி வைத்துக் காட்டினார். அதன்பின் ஒவ்வொரு வீடாகப் பொடி நின்றது. மழைக்காலம் முடியும்வரை கெடாமல் இருந்த சரக்கைப் பார்த்து வியாபாரி அண்ணாச்சியும் பொட்டலம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். இன்றும் சில கரைகளில் பொடி தூவுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கரையில் இல்லை.

பொடியில்லாத கருவாட்டோடு அம்மா மறுபடி புதுக்கோட்டைச் சந்தைக்குப் போகத் தொடங்கியபோது, பேச்சியம்மாள் இரண்டு சந்தைகள் வரை பார்த்துவிட்டு மூன்றாவதில் வாங்கினார். "நீங்களா வந்து சொன்னீகளே மைனி, அதுக்காவ வாங்குதேன்" என்றாராம். அம்மா அதைச் சொல்லும்போது அழுதார்.

கடைசி ஓராண்டு அம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகமானது. கடற்கரைக்கு நடக்க முடியாமல் வீட்டிலேயே இருந்தார். ஆனாலும் வீட்டுக்கு வரும் பெண்களிடம் உப்பு மாற்றினீர்களா, சாக்கை நனைத்தீர்களா என்று கேட்டு நச்சரிப்பார். புதிய கோழிக்குஞ்சுகள் வாங்கி வளர்த்தார். அவை இப்போது குஞ்சு பொரித்துப் பெருகி நிற்கின்றன. மருத்துவமனையில் இருந்த பத்து நாட்களும் கப்பலில் வேலை பார்க்கும் தம்பி வந்து சேரும்வரை தாங்கிக்கொண்டு, அவன் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண் மூடினார்.

அந்தப் பத்து நாட்களும் அம்மாவைத் தம் தாய் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எண்ணெய் பூசிச் செபித்து நோயில் பூசுதல் கொடுத்த பங்குத்தந்தைக்கும், அடக்கத்துக்கு ஊரிலிருந்து வண்டி கட்டி வந்த சித்திமார்களுக்கும் எங்கள் நன்றி. என்னை வேலையைவிட்டு அனுப்பாமல் மன்னித்து, அம்மாவின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன அதிகாரி ஐயாவுக்கு நன்றி. கைக்குழந்தையாயிருந்தவன் இப்போது நடந்துவர, அவனையும் அழைத்துக்கொண்டு இன்றைய திருப்பலிக்கு வந்திருக்கும் பேச்சியம்மாள் அக்காளுக்கு நன்றி. அம்மாவோடு சண்டை போட்டு, பிறகு அவர் வேலையைத் தன் தோளில் ஏற்றுக்கொண்ட ரோசம்மாள் சித்திக்கு என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நாளைக் காலை, வள்ளங்கள் கரை சேரும் நேரத்தில், தெற்கே உள்ள ஊர்களிலிருந்து பன்னிரண்டு பெண்கள் எங்கள் வீட்டு முன்னிடத்துக்கு வருகிறார்கள். பொடியில்லாமல் காயவைப்பது எப்படி என்று சித்தி அவர்களுக்குச் செய்து காட்டுவார். உறவினர்களில் கருவாடு போடுபவர்கள் இன்றிரவு தங்கியிருந்து நாளை அவசியம் வாருங்கள். நம்பிக்கை வரவில்லை என்றால் அதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். சித்திக்குக் கேள்வி கேட்பவர்களைப் பிடிக்கும்.

இங்ஙனம்,
அம்மாவின் மகள், தூத்துக்குடி