ஜன்னல் திட்டில் ஆறிய சிலிக்கா

மணல் தண்ணீரில் மிதந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். மிதந்ததை நம்பி ஏமாந்தும் இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் எம்.எஸ்ஸி. வேதியியல், கடைசி செமஸ்டர். தொம்மலூரிலிருந்து நான், காக்ஸ் டவுனிலிருந்து என் கிளாஸ்மேட் அவள், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே புராஜெக்ட். மணலில் இருக்கும் அதே சிலிக்காவை மாவை விட நைசான பொடியாக எடுத்து, அதன் மேல்பரப்பில் சிலேன் என்ற திரவத்தை ஒட்டவைக்க வேண்டும். சிலேனுக்கு இரண்டு கை. ஒன்று சிலிக்காவைப் பிடிக்கும், இன்னொன்று பாலிமரைப் பிடிக்கும். பிடி சரியாக விழுந்தால், வழக்கமாகக் கருகும் சூட்டிலும் பாலிமர் தாக்குப்பிடிக்கும்.

எனக்கு அது மார்க். அவளுக்கு வேலை. ஆனேக்கல் பக்கம் மோட்டார் கம்பிக்குப் பூச்சு தயாரிக்கும் கம்பெனி ஒன்று, "சூடு தாங்குற ரிசல்ட்டோட வாம்மா, பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தது. சூட்டைச் சோதிக்கும் மிஷின் எங்களிடம் கிடையாது. வேறொரு லேபில் வெள்ளிக்கிழமைக்கு இடம் கிடைத்திருந்தது. அதை விட்டால் அடுத்த மாதம்தான். கம்பெனி அதுவரை காத்திருக்காது.

திங்கட்கிழமை பொடி தயார். சிலேன் ஏறாத சிலிக்கா தண்ணீரில் நனைந்து மூழ்கிவிடும், ஏறியது மிதக்கும். பீக்கரில் ஒரு சிட்டிகை போட்டேன். மிதந்தது.

"முடிஞ்சுது தாயே. பாலிமர்ல கலக்கிடலாம்."

"கழுவிட்டுக் கலக்கலாம்."

"அதான் மிதக்குதே. இன்னும் அதுக்கு ஜாதகம் பாக்கணுமா?"

"புடிச்சிருக்கா, சும்மா மேல ஒக்காந்திருக்கான்னு கழுவினாத்தான்டா தெரியும். போனா என் வேலை போவும், உனக்கென்ன."

டொலுவீன் என்ற கரைப்பானில் கழுவி, காயவைத்து, மறுநாள் போட்டாள். மூழ்கியது.

அவள் பீக்கரைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

எங்கள் டிபார்ட்மெண்டில் ஓவனிலிருந்து எது வெளியே வந்தாலும் ஜன்னல் திட்டில் வைத்துத்தான் ஆறவைப்போம். ஊரே ஏசி, அப்புறம் என்ன. ஈரம் புகாத மூடி ஜாடி ஒன்று அலமாரியில் தூசியோடு கிடந்தது. எங்கள் சிலிக்காவும் சிலேன் ஏற்றுவதற்கு முன் திட்டில்தான் ஆறியது, வெளியே தூறிக்கொண்டிருந்தபோது. சிலிக்கா ஈரத்தை இழுத்துக்கொண்டது. சிலேன் அந்த ஈரத்தில் தனக்குத்தானே கை கோத்துக்கொண்டு, பொடியைப் பிடிக்காமல் மேலாகப் படுத்திருந்தது. கழுவினதும் எழுந்து போய்விட்டது.

"மணலுக்குக் காத்து வாங்க வெச்சிருக்கோம்" என்றாள்.

"ரெண்டு பேருமா ஜோடியாத்தான் வெச்சோம்."

"சும்னிரு, வாய மூடு. அந்த ஜாடியத் தொடச்சு எடு."

அன்றே மறுபடி ஆரம்பித்தோம். ஓவனிலிருந்து நேராக ஜாடிக்கு, ஜாடியிலிருந்து நேராக சிலேன் இருந்த ஃப்ளாஸ்குக்கு. புதன்கிழமை அவள் சொல்வதற்கு முன்பே நான் கழுவ உட்கார்ந்தேன். காய்ந்த பிறகு ஒரு சிட்டிகை போட்டோம். மிதந்தது. வியாழக்கிழமை பாலிமரில் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, சூடேற்றி, மஞ்சளாக ஒரு ஃபிலிம் உரித்தோம்.

வெள்ளிக்கிழமை அந்த மிஷின் பேப்பரில் கோடு போட்டது. முதலில் வெறும் பாலிமர். சூடு ஏற ஏற ஒரு இடத்தில் கோடு தொப்பென்று கீழே இறங்கியது, கருகிவிட்டது என்று அர்த்தம். அடுத்தது எங்களுடையது. அதே இடம் வந்தது. கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

"விழலடா."

"விழும். லேட்டா விழும்."

"அது போதும் எனக்கு."

இப்போது அவள் அந்த ஆனேக்கல் கம்பெனியில்தான் பகல் ஷிஃப்டில் இருக்கிறாள்.