நொண்டிய கடிகாரம்

எனக்கு எழுத்தும் தெரியாது, மணி பார்க்கவும் தெரியாது. ஆனால் பதினெட்டு வருஷமாக அந்தக் கடிகாரம் என் தலைமாட்டில்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஆகையால் நான் புவனா என்று கூப்பிடும் புவனேந்திரனைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீடுகள், அதுதான் லயம். அதில் ஆறாவது காம்பரா என்னுடையது, ஏழாவது அவனுடையது. நடுவில் ஒரே சுவர். அதில் அவன் பக்கம் கடிகாரம் தொங்கும். தோட்டத்து பங்களாவில் கழித்துப் போட்டதை, உயிர் இல்லாமல் தூக்கி வந்தான். தேயிலை ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிற கை அவனுக்கு. பதுளை பஜாரில் கடிகாரக் கடை வைத்திருக்கும் மர்ஸூக் நானாவிடம் போய்ப் போய்க் கேட்டு, அதை ஓட வைத்தான்.

அதோடு பைத்தியம் பிடித்தது. நானாவிடமும் ஒரு பெண்டுலக் கடிகாரம் உண்டு. ஞாயிறு தோறும் ரேடியோவில் மணிச் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் போனில் பேசுவார்கள்.

"எனக்கு மூணு நொடி முந்திருச்சு நானா."

"எனக்கு ஒண்ணுதான். நீ போய்த் தேயிலையை வறு தம்பி."

அன்றைக்கு முழுக்க இவன் முகம் தூக்கிக்கொண்டிருக்கும். பனிக்காலத்தில் கம்பி சுருங்கும், கடிகாரம் முந்தி ஓடும் என்பான். வேகத்தைச் சரிக்கட்ட பெண்டுலத்தின் மேல் ஒரு சதக் காசை வைப்பான், எடுப்பான். "புருஷன் என்னைப் பார்த்ததை விட அந்தக் குண்டைப் பார்த்ததுதான் அதிகம்" என்பாள் அவன் பெண்சாதி ஜீவராணி.

சீமையில் ஒரு தச்சன், கப்பலுக்கென்று பிசகாத கடிகாரம் செய்வதிலேயே கிழவனாகிப் போனானாம். நேரம் சரியாகத் தெரிந்தால்தான் நடுக்கடலில் எங்கே நிற்கிறோம் என்று தெரியுமாம். புவனா இதைச் சொல்லும்போதெல்லாம், "நாம எங்க நிக்கிறோம்னு எனக்குத் தெரியும்டா, ஹல்துமுல்லைக்கு மேல" என்பேன்.

போன ஐப்பசியில் மழை பிடித்தது, விடவில்லை. தீபாவளிக்கு நான் மாவு இடித்துக்கொண்டிருந்தேன். புவனா வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, உரலை அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்க. நீங்க இடிக்கிற இடியில கடிகாரம் நொண்டுது."

"பதினெட்டு தீபாவளிக்கு நொண்டாதது இன்னைக்கு நொண்டுதா?"

உரலை நகர்த்தவே இல்லை. ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. எப்போதும் டக், டக் என்று ஒரே சீராக வரும் சத்தம், ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் வந்தது, கால் ஊனமானவன் நடக்கிற மாதிரி. பெட்டி கோணினால் அப்படித்தான் அடிக்குமாம். ரசமட்டம் வைத்து நேராக்கினான். மறுநாள் மறுபடி நொண்டியது. மாவு இடித்து முடிந்து உரலைக் கவிழ்த்தும் வைத்துவிட்டேன். அப்போதும் நொண்டியது. 

மூன்றாம் நாள் அவன் போனைக் கடிகாரத்துப் பக்கம் பிடித்தான். நானாவின் குரல் என் காம்பராவுக்கே கேட்டது.

"எண்ணெய் போட்டியா? ஆணி ஆடுதா?"

"ஆடல நானா. நேத்து நேரா வெச்சேன், இன்னைக்குக் கோணியிருக்கு. எப்பவும் பள்ளத்துப் பக்கம்தான்."

நானா அந்த அடியை இன்னொரு தடவை கேட்டார். பிறகு, "கடிகாரத்தை விடு தம்பி. செவுரைப் பாரு" என்றார்.

புவனா குடை கூட எடுக்காமல் லயத்துக்குப் பின்னால் மலையில் ஏறினான். இறங்கி வந்து சொன்னான். தேயிலை வரிசைக்கு நடுவே என் கை நுழையும் அகலத்துக்கு நிலம் பிளந்து கிடந்ததாம். காம்பரா காம்பராவாகத் தட்டினான். பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னான். சிலர் சிரித்தார்கள். பிளவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். எனக்கு ஏறிப் பார்க்கக் காலில் தெம்பில்லை. நான் அசையவில்லை.

"கடிகாரம் கோணினதுக்கு வீட்டை விட்டு ஓடுறதா? நீ போடா."

அவன் என்னோடு சண்டை போடவில்லை. கடிகாரத்தை நேராக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்ப நல்லா நடக்குது. நொண்டுனா எந்திரிக்கணும். சரியா அக்கா?"

சரி என்றேன். சுவரில் காதை வைத்தேன். மழை கொட்டியது. ஜீவராணி வாசலில் நின்று அழுதாள். டக், டக். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் சரியாக நடந்தது. பிறகு ஒன்று நீண்டது. என் மனசுதான் என்று நினைத்தேன். அடுத்தது குறுகியது. நான் காதை வைத்திருந்த சுவரே அல்லவா நடந்துகொண்டிருந்தது.

மாவுச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவன் பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்தி, கடிகாரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டான். மறுநாள் பகலில் ஐந்தாவது காம்பராவிலிருந்து கடைசி வரைக்கும் மலையோடு சரிந்து போனது. உள்ளே ஆள் இல்லை. என் உரல் போனது.

இப்போது தகரக் கொட்டகையில் இருக்கிறோம். தகரச் சுவரில் கடிகாரம் ஆடாமல் தொங்காது என்று புவனா மாட்டாமலே வைத்திருந்தான். நான் விடவில்லை. நடுவில் ஒரு மரத்தூண் நட்டு மாட்டச் சொன்னேன். மழை இருட்டினால் என் கை அடுப்புக்குப் போகாது. முதலில் மரத்தூணில் காதை வைக்கிறேன். இரண்டு பக்கமும் ஒத்து அடித்தால்தான் உலை வைக்கிறேன்.