மூன்றாவது அம்மா பிழைத்த கதை

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம். தாப்பாவில் ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்தில் பேச அழைத்திருந்தார்கள். ஈப்போ புந்தோங்கிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போனேன். பதின்ம வயதினருக்கு நாவல் எழுதுவது என் தொழில். மூன்றாவது நாவல் அச்சுக்குப் போகவிருந்த நேரம் என்பதால், கால் தரையில் பாவவில்லை.

பேச்சு சுவாரஸ்யமாகப் போகவே, என் தொழில் ரகசியத்தையும் அவிழ்த்துவிட்டேன். துப்பறியும் கதாநாயகிக்கு வயது பதினாறு. அம்மா இருந்தால் பொழுது சாய்ந்த பிறகு வெளியே விடுவாரா? அதனால் முதல் அத்தியாயத்திலேயே அம்மாவைச் சாகடித்துவிடுவேன். பிறகு தோட்டம், டவுன், ரயில் நிலையம் என்று அவள் இஷ்டத்துக்குச் சுற்றலாம். முதல் இரண்டு நாவல்களிலும் அப்படித்தான், வரப்போகும் மூன்றாவதிலும் அப்படித்தான் என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கையில் என் முதல் நாவல், அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

"அக்கா, கதை நல்லாருக்கு. ரெண்டு தடவ படிச்சேன். ஆனா ஒன்னு மட்டும் நம்ப முடியலலா. எங்கம்மா போன வருசம் தவறிட்டாங்க. அப்பாவுக்கு ஷிப்ட் வேல. பள்ளி விட்டுப் போனா நான்தான் சோறாக்கணும், தம்பிங்கள குளிப்பாட்டணும், உடுப்பு தொவைக்கணும். ஒங்க கதையில அந்தப் பொண்ணு திருடன் பின்னாடி சுத்துறாளே, வீட்ல யாரு சோறாக்குறது?"

கோபமில்லை, கிண்டலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீ எழுதுனா எப்படி எழுதுவ?" என்று அவளிடமே கேட்டேன்.

"அம்மாவ உயிரோட விட்டுருங்கக்கா. அம்மா இருந்தப்பதான் நான் நல்லா ஊர் சுத்துனேன். ஏசுவாங்க. ஆனா திரும்பி வந்தா சோறு இருக்கும்."

கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே பதிப்பாளரை அழைத்தேன். "அட்டகூட போட்டாச்சுலா. இப்பப் போயி செத்த அம்மாவ எழுப்பினா எப்படிம்மா?" என்று அலுத்துக்கொண்டார். கெஞ்சவில்லை. எழுப்பத்தான் போகிறேன், அதுவரை அச்சடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாவலைப் பாதிக்கு மேல் திருப்பி எழுத வேண்டியிருந்தது. எழுந்து வந்த அம்மா சும்மா இருக்கவில்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் மகளை ஏசித் தீர்த்தார். நான் எழுதியதிலேயே சிறந்த நாவல் அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். முதல் பிரதியைத் தாப்பாவுக்குத்தான் அனுப்பினேன்.

இன்றும் என் கதாநாயகி திருடனைத் தேடிப் புறப்பட்டால், அவள் வீட்டில் அன்றைக்குச் சோறாக்குவது யார் என்று எழுதிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட விடுகிறேன்.